2055இலிருந்து திரும்பிப் பார்க்கும் ஒரு படத்தைத் திரையிடுவது எப்படி?

காலநிலை மாற்றத்தால் சிதைந்துபோன எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்து முடித்ததும், வெள்ளத்தில் மூழ்கிய நகரங்களையும் உறைந்துபோன தெருக்களையும் ஒரு வாரம் வியந்து பேசிவிட்டு மறந்துவிடலாம். 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ‘தி ஏஜ் ஆஃப் ஸ்டுபிட்’ அப்படி மறந்துவிட முடியாத படம்; ஆனால் தவறான முறையில் திரையிட்டால் அதையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக ஆக்கிவிட முடியும். நூலக வாசகர் வட்டத்திலோ கல்லூரி மன்றத்திலோ குடியிருப்போர் சங்கத்திலோ இப்படத்தைத் திரையிட்டு, அதன் பிறகு பயனுள்ள ஓர் உரையாடலையும் நடத்த விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சொல்லியிருக்கும் எச்சரிக்கைகளில் பாதி, நானே செய்த பிழைகளிலிருந்து வந்தவை.

முதலில் படத்தின் அமைப்பைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டு 2055. நார்வேக்கு வடக்கே 800 கிலோமீட்டர் தொலைவில், கடலின் நடுவே உயர்ந்து நிற்கும் ஒரு காப்பகத்தில் அதன் காப்பாளராக ஒரே ஒரு மனிதர் இருக்கிறார். உலகின் ஓவியங்களும் நூல்களும் பதப்படுத்தப்பட்ட விலங்குகளும் கணினிகளில் சேமிக்கப்பட்ட காட்சிப் பதிவுகளும் அவருடைய பொறுப்பில் இருக்கின்றன. லண்டன் மூழ்கிவிட்டது, லாஸ் வேகாஸை மணல் மூடிவிட்டது, சிட்னி எரிகிறது, ஆல்ப்ஸ் மலையில் பனி இல்லை. அந்த மனிதர் கண்ணாடித் திரையொன்றைத் தொட்டுத் தொட்டுப் பழைய பதிவுகளைத் தேடி எடுக்கிறார். தப்பித்துக்கொள்ள வாய்ப்பிருந்தபோது நாம் ஏன் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதே அவருடைய கேள்வி. அவர் பார்க்கும் பதிவுகளில் 2008 வரையிலானவை உண்மையானவை. கற்பனைப் பாத்திரம் அவர் ஒருவர்தான், அவரை ஏற்று நடித்தவர் பீட் பாஸில்த்வெய்ட். மற்றபடி இது ஓர் ஆவணப்படம். இயக்குநர் ஃபிரானி ஆம்ஸ்ட்ராங்கிற்கு நம் நாடு புதிதன்று. நர்மதை அணைத் திட்டத்தால் மூழ்கவிருந்த ஒரு கிராமத்தைப் பற்றி அவர் முன்பே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார்.

திரையிடுவதற்கு முன் படத்தைத் தனியாக இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பார்வையாளராகப் பார்த்தால் போதும். இரண்டாம் முறை ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, படத்தில் வரும் ஆறு கதைகளுக்கும் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி, ‘இவருக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஷெல் நிறுவனத்திற்காக எண்ணெய் இருக்குமிடம் தேடும் பணியைச் செய்தவருக்குத் தம் தொழில் வேண்டும். நைஜீரியாவின் எண்ணெய் வளம் மிக்க வடிநிலத்தில் வாழும் இளம்பெண்ணுக்கு மருத்துவராக வேண்டும். அதற்குப் பணம் சேர்க்கக் கள்ளச்சந்தையில் டீசல் விற்கிறார். மும்பைத் தொழிலதிபர் ஜே வாடியாவுக்கு இந்தியாவின் ஏழைகளும் விமானத்தில் பறக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒருவருக்குக் காற்றாலைகள் நட வேண்டும். பிரான்சின் ஷாமொனீயில் எண்பது வயதைக் கடந்த மலை வழிகாட்டிக்குத் தம்முடைய பனியாறு பழையபடி இருக்க வேண்டும். ஜோர்டானில் அகதிகளாக வாழும் ஈராக்கியக் குழந்தைகள் இருவருக்குத் தங்கள் அண்ணன் வேண்டும். இந்த ஆறு பக்கங்களையும் எழுதி முடித்த பிறகு மீண்டும் படித்துப் பார்த்தால், இவர்களில் ஒருவரும் வில்லன் அல்லர் என்பதும், ஒவ்வொருவரும் கேட்பது பெரும்பாலும் நியாயமானதே என்பதும் புலப்படும். படத்தின் வலு அதில்தான் இருக்கிறது. உங்கள் திரையிடலின் ஏற்பாடுகள் அனைத்தும் பார்வையாளர்களின் கவனத்தை மூழ்கிய லண்டனிலிருந்து இந்த ஆறு பேரிடம் கொண்டுவருவதற்காகவே இருக்க வேண்டும்.

அடுத்து, எது கற்பனை, எது அறிவியல் என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அவையில் ஒருவராவது அதைக் கேட்பார். அப்போது தடுமாறினால் மற்றவை அனைத்தின் மீதும் ஐயம் விழும். 2055இல் லண்டன் கோபுரங்களைச் சுற்றிக் கடல் சூழ்ந்திருப்பதாகக் காட்டுவது மிகை. காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 6ஆம் மதிப்பீட்டு அறிக்கை, மிக மோசமான உமிழ்வு நிலையிலும் 2100ஆம் ஆண்டிற்குள் கடல்மட்டம் ஏறத்தாழ 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்றுதான் கணிக்கிறது. பனிப்படலங்கள் எதிர்பாராத வேகத்தில் சரிந்தால் அது இன்னும் கூடலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. தவிர, தேம்ஸ் நதியில் 1980களிலிருந்தே வெள்ளத் தடுப்பணை இயங்கி வருகிறது. பாழடைந்த தாஜ்மகால் காட்சி இந்தியப் பார்வையாளர்களை உலுக்கும். ஆனால் அங்கே இந்தியா அழிந்ததற்குக் காரணமாகக் காட்டப்படுவது அணு ஆயுதப் போர், வெப்பம் அன்று. இதை நான் முன்கூட்டியே சொல்லாமல் விட்ட ஒரு திரையிடலில், முதல் வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் ‘அப்படியானால் இது காலநிலைப் படமா, போர்ப் படமா?’ என்று கேட்டு அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது சரிதான். பஞ்சமும் நீர்ப்பற்றாக்குறையும் போரில் போய் முடியலாம் என்ற ஊகத்தின் மீது படம் அந்தக் காட்சியை எழுப்பியிருக்கிறது. ஊகம் ஊகமாகவே சொல்லப்பட வேண்டும்.

மாறாக, பனியாற்றுக் கதையில் கற்பனைக்கே வேலையில்லை. ஷாமொனீக்கு மேலே உள்ள மேர் த கிளாஸ் பனியாற்றுக்கு இறங்கிச் செல்ல 1988இல் கேபிள் கார் அமைத்தபோது, அதிலிருந்து இறங்கிச் சில படிகளிலேயே பனியைத் தொட்டுவிட முடிந்தது. பனி கீழே இறங்க இறங்க ஆண்டுதோறும் படிகளைக் கூட்டிக்கொண்டே போய், அவை 500ஐத் தாண்டின. இரும்புப் படிக்கட்டின் வழியில், இன்ன ஆண்டில் பனி இந்த உயரத்தில் இருந்தது என்று பாறையில் பலகைகள் மாட்டியிருந்தார்கள். ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையே மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியவருக்கு எந்த வரைபடமும் தேவைப்பட்டிருக்காது. முதியவர் வரும் காட்சிக்கு முன்னறிமுகமாக இந்தப் படிக்கட்டைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியம் சொல்லி வைத்தால், அந்தக் காட்சி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்படத்தைத் தயாரித்தவர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட தனிமனிதர்களிடமும் குழுக்களிடமும் 4,50,000 பவுண்டு திரட்டி எடுத்தார்கள். வெளியிட்டபோது, யார் வேண்டுமானாலும் உரிய கட்டணம் செலுத்தித் திரையிட்டு, வரும் இலாபத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம் என்ற முறையையும் அறிமுகப்படுத்தினார்கள். ஆகவே பொது அரங்கில் திரையிடுவதாயின் உரிமையாளர்களுக்கு எழுதி அனுமதி பெறுவதே முறை. பார்வையாளர்கள் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், அந்நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற அளவில் நின்றால், 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அதற்கு விலக்கு அளிக்கிறது. வெளியாரையும் அழைத்து அழைப்பிதழ் அடித்துவிட்டால் அந்த விலக்கு பொருந்தாது.

மொழி ஒரு தனிச் சிக்கல். படத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அரபியும் வருகின்றன. காப்பாளரின் ஆங்கிலம் மெதுவானது, நைஜீரியப் பெண்ணின் ஆங்கிலத்திற்கும் நியூ ஆர்லியன்ஸ்காரரின் ஆங்கிலத்திற்கும் நம் காது பழக நேரம் ஆகும். ஆங்கிலச் சப்டைட்டில்களைக் கட்டாயம் போடுங்கள். அதற்கு மேல், ஒரே தாளில் தமிழ்க் கையேடு ஒன்றைத் தயாரித்து வாசலிலேயே கொடுங்கள். நான் முதலில் நான்கு பக்கக் கையேடு தயாரித்தேன்; படம் ஓடும்போது பாதிப் பேர் கைப்பேசி வெளிச்சத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் மூன்று வரி: ஊர், தொழில், என்ன வேண்டும். கதையின் முடிவு கையேட்டில் இருக்கக் கூடாது. படத்தின் இடையிடையே எண்ணெய்க்காக நடந்த போர்களைப் பற்றியும் நுகர்வைப் பற்றியும் விரைவான அனிமேஷன் துண்டுகள் வரும். அவற்றில் எழுத்துகள் வேகமாக ஓடுவதால், அவற்றின் சாரத்தைக் கையேட்டின் பின்பக்கத்தில் நான்கு வாக்கியங்களில் தரலாம்.

அரங்கைப் பொறுத்தவரை இருட்டைவிட ஒலியே முக்கியம். காப்பாளர் அடங்கிய குரலில் பேசுகிறார். மடிக்கணினியின் ஒலிபெருக்கியை நம்பினால் மின்விசிறிச் சத்தத்தில் அவர் குரல் காணாமற்போய்விடும். முந்தைய நாளே புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் இணைத்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இடைவேளை விடாதீர்கள். ஒருமுறை, தேநீர் ஆறிவிடும் என்று சொல்லி அரங்கப் பொறுப்பாளர் நடுவில் விளக்கைப் போட்டுவிட்டார். வடையும் தேநீரும் முடிந்து மீண்டும் படத்தைத் தொடங்கியபோது உள்ளே வந்தவர்கள் முகத்தில் திருமண வீட்டுக் களை இருந்தது, படம் அதற்குப் பின் எழவேயில்லை. தேநீரைப் படம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

தொடக்கவுரைக்கு மூன்று நிமிடம் போதும். இது ஆவணப்படம், காப்பாளர் மட்டுமே கற்பனை, தாஜ்மகால் காட்சியின் காரணம் போர், பனியாற்றுப் படிக்கட்டு: இந்த நான்கையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். புவி வெப்பமடைதல் என்றால் என்ன என்ற பாடத்தை அப்போது எடுக்க வேண்டாம். படம் 2009இல் வெளிவந்தது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், அது பின்னால் பயன்படும்.

படம் முடிந்தவுடன் ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று ஒலிவாங்கியை நீட்டினால் இரண்டு வகைப் பேச்சுகளே வரும்: ஒன்று, எல்லாம் முடிந்துவிட்டது என்ற ஒப்பாரி, மற்றொன்று, மரம் நடுவோம் என்ற உறுதிமொழி. இரண்டுமே படத்திலிருந்து தப்பித்து ஓடும் வழிகள். இரண்டு நிமிடம் அமைதியாக விட்டுவிட்டு, ‘இந்த ஆறு கதைகளில் யார் கேட்டது நியாயமில்லாதது?’ என்ற ஒரே கேள்வியை வையுங்கள். நான் பார்த்தவரை இந்தக் கேள்விக்குப் பிறகு அரங்கு தானாகவே பேசத் தொடங்கிவிடும்.

பெரும்பாலும் முதலில் மாட்டுபவர்கள் காற்றாலையை எதிர்க்கும் ஆங்கிலேயர்கள். வயல்வெளியின் அழகு கெட்டுவிடும், வீட்டு மதிப்பு குறைந்துவிடும் என்று அவர்கள் திட்டத்தைத் தோற்கடிக்கிறார்கள். புவி வெப்பமடைதல் குறித்துக் கவலை உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்கிறார்கள். நம் அவையில் இந்த இடத்தில் சிரிப்பு எழும். முப்பந்தலைக் கடந்து பேருந்தில் போனவர்களுக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் சுழலும் காற்றாலைகள் ஜன்னலோரக் காட்சி. அதை எதிர்த்து ஒருவர் கூட்டம் போடுவது வேடிக்கையாகத்தான் தெரியும். சிரிப்பு அடங்கியதும் நடத்துநர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் தெருவில் குப்பை உரக்கிடங்கோ பேருந்து நிறுத்தமோ வருவதாக இருந்தால், பொதுநலத்திற்கு நல்லதென்று தெரிந்தும், என்ன சொல்வீர்கள்? அரங்கு சற்று நேரம் தரையைப் பார்க்கும்.

அதிக நேரத்தை ஒதுக்க வேண்டியது விமானக் கதைக்கு. ஜே வாடியா தொடங்கிய கோஏர் 2005 நவம்பரில் பறக்கத் தொடங்கியது. இரயிலில் மட்டுமே போகக் கற்ற கோடிக்கணக்கான மக்களை வானில் ஏற்றுவது அவருடைய கனவு, அதில் ஏழைகள் மீதான உண்மையான அக்கறையும் தெரிகிறது. ஐரோப்பியப் பார்வையாளருக்கு இக்கதை அச்சமூட்டும் கதை. நம் பார்வையாளர்களில், பிள்ளையைப் பார்க்க முதன்முதலாக விமானம் ஏறிய ஓர் அம்மா கட்டாயம் இருப்பார். அவருக்கு வாடியா நல்லவர். ‘நூறு ஆண்டு அவர்கள் பறந்து முடித்த பிறகு, நாங்கள் ஏறும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறார்களா?’ என்று அவர் கேட்பார். அதை அடக்கிவிடாதீர்கள். எண்களைக் கையில் வைத்திருங்கள்: ஓர் இந்தியரின் சராசரிக் கரியமில வாயு உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன், ஓர் அமெரிக்கருடையது ஏறத்தாழ 14 டன். அந்த இடைவெளிதான் அம்மாவின் கேள்விக்கு அடிப்படை. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் வையுங்கள்: 2 டன் என்பது விமானத்தையே பார்க்காதவரையும் மாதம் நான்கு முறை பறப்பவரையும் சேர்த்துப் போட்ட சராசரி. இங்கிருந்து உரையாடல் நாடுகளுக்கிடையிலான நியாயத்திலிருந்து நாட்டுக்குள்ளேயான நியாயத்திற்கு நகரும். நடத்துநர் இந்த நகர்வைத் தடுக்காமல் இருந்தாலே போதும். கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம் 2023 மே மாதத்தில் கடன் நெருக்கடியால் பறப்பதை நிறுத்திவிட்டது என்பதை முடிவில் சொல்லலாம். காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை, வேறு நிறுவனங்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ்காரரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் தாக்கி, கரைகள் உடைந்து, நகரின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பகுதி நீரில் மூழ்கியபோது, அவர் வீட்டையும் உடைமைகளையும் இழந்தார். தம் படகில் நூறு பேருக்கும் மேலானவர்களைக் காப்பாற்றினார். வாழ்நாள் முழுவதும் எண்ணெய்க்காகவே உழைத்தவரும் அவர்தான். தம் தொழிலைப் பழிக்காத அதே மனிதர்தான், வளங்களை நாம் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால் இந்தக் காலத்திற்கு அறியாமையின் காலம், முட்டாள்தனத்தின் காலம் என்று பெயர் வைக்கலாம் என்கிறார். படத்திற்குப் பெயர் கிடைத்தது போராளி ஒருவரிடமிருந்து அன்று, எண்ணெய்த் தொழிலாளியிடமிருந்து என்பதை அவைக்கு எடுத்துச் சொல்லுங்கள். தலைப்பைப் பார்த்துத் தங்களைத் திட்டுவதாக எண்ணி விறைப்பாக உட்கார்ந்திருப்பவர்கள் அப்போது சற்று இளகுவார்கள்.

இனி, 2009 என்று முன்பு அழுத்திச் சொன்னதைப் பயன்படுத்தும் நேரம். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே என்ன நடந்தது என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள். வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் ஆண்டுச் சராசரி அப்போது பத்து இலட்சத்தில் 387 பங்கு. 2024இல் 424ஐத் தாண்டியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் வெப்பமான முதல் நாட்காட்டி ஆண்டு 2024. எனினும் 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் பேசும் 1.5 என்பது நீண்டகாலச் சராசரி என்பதால், ஓர் ஆண்டை வைத்து எல்லை உடைந்துவிட்டது என்று அறிவிக்கக் கூடாது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில், சூரிய ஆற்றலில் இயங்கிய கூடாரத் திரையரங்கில் 2009 மார்ச்சில் நடந்த முதல் திரையிடலின்போது, மாலத்தீவை 10 ஆண்டுகளில் கரிமச் சமநிலைக்கு, அதாவது நிகர உமிழ்வு இல்லாத நிலைக்கு, கொண்டுவருவதாக அந்நாட்டின் அப்போதைய அதிபர் முகமது நஷீத் அறிவித்தார், அது நிறைவேறவில்லை. அதே நிகழ்வில், இங்கிலாந்தின் கிங்ஸ்நார்த்தில் புதிய நிலக்கரி மின்நிலையத்திற்கு அனுமதி தந்தால் தமக்கு அளிக்கப்பட்ட அரச விருதைத் திருப்பித் தருவதாக பாஸில்த்வெய்ட் அமைச்சர் எட் மிலிபாண்டிடம் நேருக்கு நேர் சொன்னார். அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. பாஸில்த்வெய்ட் அதைப் பார்க்கவில்லை, 2011 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து, கூட்டாமல் குறைக்காமல் வைத்தால் ஒப்பாரிக்காரர்களும் உறுதிமொழிக்காரர்களும் ஒருசேர யோசிக்க வேண்டிவரும்.

கடைசியாக ஒரு பயிற்சி. இப்படத்தை எடுத்தபோது உண்டான உமிழ்வு 94 டன் என்று படக்குழுவினரே கணக்கிட்டு வெளியிட்டார்கள். உங்கள் திரையிடலுக்கும் அதேபோல் ஒரு கணக்கைக் கரும்பலகையில், எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள். எங்கள் கணக்கு இப்படி வந்தது. புரொஜெக்டருக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 1.2 யூனிட், நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால் ஒரு கிலோகூட இல்லை. இரண்டு ஏசிக்கு 9 யூனிட், ஆறு கிலோவுக்குச் சற்று மேல். இருசக்கர வண்டியில் வந்த 25 பேர் போக வர சராசரியாக 12 கிலோமீட்டர், மொத்தம் 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 என்று வைத்தால் ஏறத்தாழ 6.7 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 15 கிலோ. ஆக 22 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு, அரங்கின் வெளியே நின்ற வண்டிகளுடையது. எண்ணை எழுதி முடித்ததும், இரண்டாம் வரிசையில் இருந்த அம்மா ஒருவர், பேருந்தில் வந்த எங்களை ஏன் இதில் எழுதவில்லை என்று கேட்டார். எழுத மறந்ததற்குக் காரணம், பேருந்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டபோது எட்டுக் கைகள் உயர்ந்தன. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவர்களில் மூன்று பேர் அப்போதே எழுந்து நின்றிருந்தார்கள். அடுத்த திரையிடலுக்கு அழைப்பிதழ் அடித்தபோது, அரங்கின் முகவரிக்குக் கீழே பேருந்து எண்களையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் சேர்த்தோம். படம் தொடங்கும் நேரத்தை அரை மணி முன்னுக்குக் கொண்டுவந்தோம்.